பூவரசுப் பிடி போட்ட ரிவால்வர்

நவ. 3, திங்கள்

விடாத மழை. கரண்ட் இல்லை. ரிவால்வரைக் கழற்றித் துடைத்தேன். இந்த ஈரத்துக்கு இரண்டே நாளில் குழலில் செம்புள்ளி. தையல் மெஷின் எண்ணெய் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

உரிமம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. புதுப்பிப்பு மனு ஸ்டேஷனில் கிடக்கிறது.

அப்பாவின் ரிவால்வர். ஒவ்வொரு முறையும் தோட்டாவைத் தட்டும் குதிரையைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்தினால்தான் சுடும். விசையை மட்டும் அழுத்தினால் ஒன்றும் நடக்காது. ஆறு அறை, ஐந்தில்தான் தோட்டா. குதிரை உட்காரும் அறை எப்போதும் காலி. அவசரக்காரனுக்கு ஆகாது.

பாகம் பிரித்தபோது பெரியவருக்கு (அண்ணன், இனி பெ.) வாய்க்காலின் தலைமாட்டு நிலம். எனக்கு எம்.எஸ்ஸி. படித்த பெருமை, கடைமடைத் துண்டு, இந்த ரிவால்வர். கோடையில் அவர் வயலைத் தாண்டித் தண்ணீர் வராது. மழையில் அவர் வயல் தண்ணீர் முழுக்க என் வயலில். இன்றும் அப்படித்தான். சம்பா மூன்றாம் நாளாக முங்கிக் கிடக்கிறது.

பிடி நான் செதுக்கியது. மடை ஓரம் நின்ற பூவரசை பெ. என்னைக் கேட்காமல் வெட்டினார். ஏன் என்று கேட்டதற்கு மண்வெட்டியை ஓங்கினார். பேச்சு நின்று இருபத்திரண்டு வருடம். அன்று அங்கே கிடந்த கட்டையில் ஒரு துண்டு எடுத்து வந்தேன். அரம், உப்புத்தாள், ஆளி எண்ணெய், நாலு மாதம். பழைய கறுப்பு ரப்பர் பிடியைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு இதைப் பூட்டினேன். என் கைக்கு மட்டுமே பொருந்தும்.

நவ. 5, புதன்

தூறல். ஸ்டேஷன். இன்ஸ்பெக்டர் புதியவர், சிறு வயது. இவர்தான் முதன்முதலாக மனுவைப் படித்தவர்.

“யாரால சார் உயிருக்கு ஆபத்து?”

“எழுதியிருக்கேனே.”

“கூடப்பொறந்த அண்ணன்னு போட்டிருக்கீங்க. அவரு ஆடியிலேருந்து படுத்த படுக்கைங்கறாங்க.”

“படுத்தா குணம் மாறிடுமா?”

பக்கத்து மேஜைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார்.

“ஏட்டு நேர்ல போயி விசாரிப்பாரு. ஆபத்து இருந்தா இருக்குன்னு எழுதி அனுப்புறேன். இல்லேன்னா ஒப்படைச்சிடுங்க.”

ஒவ்வொரு புதுப்பிப்பிலும் அதே வாக்கியம்: ‘என் தமையனாரால் உயிருக்கு ஆபத்து.’ இதுவரை யாருக்கும் உறுத்தவில்லை.

பெ.க்குப் பக்கவாதம் என்று அப்போதே தெரியும். நான் போகவில்லை. என் மனைவி மல்லிகா செத்தபோது அவர் வந்தாரா? பந்தலுக்கு வெளியே ரோட்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனதாகச் சொன்னார்கள். அது வந்ததாகாது.

நவ. 8, சனி

மழை வெறித்திருந்தது. பஸ்ஸில் திருச்சி, ரைபிள் கிளப். பத்துத் தோட்டா. காலிக் கூடுகளைப் பொறுக்கிப் பையில் போட்டேன். கணக்குக் காட்டாமல் அடுத்த தோட்டா கிடையாது.

பக்கத்து மேடையில் ஒரு பையன், பளபளவென்று பிஸ்டல். “அங்கிள், இது சினிமா ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விடுறதா?” அவன் நண்பர்கள் சிரித்தார்கள். அவன் பத்தில் மூன்று வட்டத்துக்கு வெளியே.

என் முதல் ஐந்தும் கீழே இறங்கின. குழல் நுனியில் இருக்கும் முன்குறியைத் துப்பாக்கிக் கடையில் கொடுத்து அராவியது இந்தக் குறைக்காகத்தான். அப்புறம் கீழே போனதே இல்லை. குறி அல்ல, கை. இத்தனை வருடம் அந்தக் கறுப்பு வட்டத்துக்கு ஒரே முகம். இன்று வைத்துப் பார்த்தால் வாய் ஒரு பக்கம் கோணிய முகம். குறி நிற்கவில்லை. அடுத்த ஐந்தையும் வீணாக்கினேன்.

நவ. 11, செவ்வாய்

மறுபடி மழை. காலையில் போன். “தம்பி, அண்ணி பேசுறேன். ஏட்டு வந்திருக்காரு. துப்பாக்கி நம்பர் பாக்கணுமாம், எடுத்துக்கிட்டு வரச் சொல்றாரு.”

போனேன். கூடத்தில் கட்டில். வலப்பக்கம் முழுக்கப் போய்விட்டது. பெ. என்னைப் பார்க்கவில்லை, மின்விசிறியைப் பார்த்தார்.

ஏட்டு நோட்டைத் திறந்தார். “ஐயா, ஒங்களால ஆபத்துன்னு ஒங்க தம்பி எழுதிக் குடுத்திருக்காரு. நெசமா?”

பெ. நேரம் எடுத்துக்கொண்டார். குழறல்தான், ஆனால் புரிந்தது. “ஆமா. எழுதிக்கங்க. எந்திரிச்சேன்னா இவன வெட்டுவேன்.”

“அய்யோ, என்ன பேச்சு இது!” என்றார் அண்ணி.

ஏட்டு சிரித்தார். “கையே வரலியேய்யா.”

“எடது கை இருக்குல்ல.”

ஏட்டு எழுதினார்: பகை நீடிக்கிறது. எனக்குத் தெரியும், பெ. எனக்காகத்தான் அப்படிச் சொன்னார். நம்பரைப் பார்த்தாயிற்று. அப்போதே கிளம்பியிருக்கலாம்.

“கொண்டாடா, பாப்போம்,” என்றார் பெ.

“அவரு கையில குடுக்காதீங்க சார்,” என்றார் ஏட்டு. அறைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, ஆறும் காலி என்று ஏட்டுக்குக் காட்டினேன். பெ.யின் இடக்கையில் வைத்தேன். அவர் விரல் பிடியைத் தடவியது.

“பூவரசா?”

“ம்.”

“மடைக்கிட்ட நின்னதா?”

“ம்.”

“திருட்டுப் பய.”

குதிரை மேல் கட்டைவிரலை வைத்து இழுத்தார். பாதிகூட வரவில்லை. மறுபடி இழுத்தார். நெற்றியில் வியர்வை. அவர் விரல் மேல் என் விரலை வைத்தேன். சேர்ந்து இழுத்தோம். குதிரை நின்றது. பிறகு பிடித்து மெதுவாக இறக்கினேன். அவர் விரல் சில்லென்று இருந்தது. நகம் வெட்டி ரொம்ப நாளாகியிருக்கும்.

ஏட்டு பேனாவை மூடிவிட்டார். “சார், இப்ப நான் என்னத்த எழுதுறது?”

“வெட்டுவேன்னு சொன்னேன்ல?” என்றார் பெ.

“சொன்னீங்கய்யா, கேட்டேன். இப்ப பாத்துட்டேனே.” எழுதிய வரியை அடித்தார்.

நவ. 18, செவ்வாய்

உத்தரவு வந்துவிட்டது. ஆபத்து ஏதும் இல்லை, புதுப்பிக்க இயலாது, ஆயுதத்தை ஒப்படைக்கவும். மேல்முறையீடு செய்யலாமாம். என்ன எழுத?

சாப்பிடவில்லை. பால் திரிந்துவிட்டது.

நவ. 21, வெள்ளி

மழை இல்லை. பூவரசுப் பிடியைக் கழற்றிவிட்டுப் பழைய கறுப்புப் பிடியைப் பூட்டினேன். வேறு யாருடையதோ போல இருந்தது. ஸ்டேஷனில் ஒப்படைத்தேன். மீதித் தோட்டா, காலிக் கூடு எல்லாம். ரசீது அலமாரியில்.

வயல் பாதி அழுகல். பெ.யின் வரப்பிலிருந்து இன்னும் தண்ணீர் வடிகிறது. அவர் படுத்தாலும் அது நிற்கவில்லை.

சாயங்காலம் அண்ணி போன். “துப்பாக்கியக் குடுத்தாச்சான்னு ஒங்க அண்ணன் கேக்குறாரு.”

“குடுத்தாச்சு.”

பின்னால் குழறல். அண்ணி தயங்கினார். “என்ன சொல்றாரு?” என்றேன்.

“முட்டாப்பய, நம்பர் பாத்ததும் கெளம்பியிருக்கணும்ங்கறாரு.”

போனை வைத்துவிட்டேன்.

நாளைக்கு: உரக்கடை. அழுகிய இடத்தில் நாற்று நட்டு நிரப்ப ஆள் சொல்ல வேண்டும். கேஸ் சிலிண்டர் புக் பண்ண வேண்டும். பெ. வீட்டுக்குப் போவதாக இல்லை. போனால் நகவெட்டி எடுத்துக்கொள்ள வேண்டும்.