முன் இடது தோள்

அன்புள்ள என் கணவர் ஜெர்வினுக்கு,

நெமிலிச்சேரியிலிருந்து எவாஞ்சலின் எழுதுவது. மாதா தயவில் நானும் பிள்ளையும் உங்கள் அப்பாவும் சுகம். புனேயில் மழை விட்டதா? போனில் குடிப் பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தைக் கிழிக்கலாம், ஆனால் படித்துவிட்டுத்தான் கிழிப்பீர்கள், எனக்குத் தெரியும்.

கண்ணாடி முன் நின்று எடுத்து அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். கை பெருத்திருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. தொப்பைதான் பெருத்திருக்கிறது. காலையில் ஜிம்முக்குப் போய், சாயங்காலம் ரூமில் குடித்தால் வேறென்ன பெருக்கும்? எடை தூக்கும்போது சதையில் நுண்ணிய கிழிசல் விழுமாம். சாப்பாடும் தூக்கமும்தான் அதைச் சேர்த்து வலுவாக்குமாம். குடி அந்த வேலையையும் மந்தமாக்கும், தூக்கத்தையும் கெடுக்குமாம். பட்டாபிராம் ஜிம்மில் தமிழரசு மாஸ்டர் சொன்னார். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மிஷினில் உட்காருகிறவளுக்கு இது புரியாதா?

ஆமாம், நானும் ஜிம்முக்குப் போகிறேன். தவக்காலத்திலிருந்து. வெறும் கம்பியில் ஆரம்பித்து, இப்போது தரையிலிருந்து அறுபது கிலோ எடுக்கிறேன். கோபம் வந்தால் வரட்டும்.

போன வருடத் திருவிழாவில் என்ன செய்தீர்கள்? தோள் மரத்துப்போனால் பாரம் தெரியாது என்று இரண்டு ரவுண்டு ஊற்றிக்கொண்டு மாதா தேருக்குத் தோள் கொடுத்தீர்கள். ஸ்டேஷன் ரோடு திருப்பத்தில் முட்டி மடங்கி, தேர் சாய்ந்து, மாதாவின் கிரீடம் தரையில் விழுந்தது. தேர் தூக்குகிறவர்கள் பட்டியலிலிருந்து ஃபாதர் உங்கள் பெயரை அடித்தார். முன் இடது தோள், மூன்று தலைமுறையாக உங்கள் வீட்டு ஆள் நின்ற இடம் அது. அன்றிலிருந்து உங்கள் அப்பா கோயிலில் கடைசி பெஞ்சில்தான் உட்காருகிறார். எனக்கு அவமானத்தைவிட ஆத்திரம்தான் அதிகம்.

அந்த இடத்துக்கு நான் பெயர் கொடுத்துவிட்டேன். தேர் தூக்குகிறவர்கள் கூட்டத்தில் சிரித்தார்கள். உங்கள் அப்பாவே, பொம்பள தேர் தூக்குனா ஊரு இன்னாம்மா சொல்லும் என்று கேட்டார். நான் எழுந்து, திருவிழா அன்றைக்கு ஒரு சொட்டுகூடத் தொடாமல் வருகிறவர்கள் கை தூக்குங்கள் என்றேன். பதினொரு பேரில் நாலு கைதான் எழுந்தது. ஃபாதர் என் பெயரை எழுதிக்கொண்டார். மறுநாள் மீதி ஏழு பேரில் ஆறு பேர் வந்து, குடிக்காமல் வருகிறோம் என்று சத்தியம் செய்தார்கள். எனக்குப் பின்னால் நிற்பவர் மட்டும் ரோஷப்பட்டு விலகிக்கொண்டார். அந்த இடத்துக்கு இன்னும் யார் பெயரும் எழுதவில்லை.

திருவிழாவுக்கு நாற்பது நாள் இருக்கிறது. இன்றைக்கே நிறுத்தினால் முதலில் தூக்கம் சரியாகும், பலம் மெல்லத் திரும்பும் என்கிறார் மாஸ்டர். வெட்கத்தை விட்டு உங்களுக்காகக் கேட்டேன். குடிக்காமல் வந்தால் எனக்குப் பின்னால் நில்லுங்கள். குடித்துவிட்டு வந்தால் தெருவோரமாக நின்று கும்பிடுங்கள். நான் உங்களைப் பார்ப்பேன், ஆனால் தேரை நிறுத்த மாட்டேன்.

மாதா உங்களைத் தெளிந்த கண்ணோடு கூட்டிவரட்டும். பின்னால் யார் மூச்சு கேட்டாலும் நான் நடந்துவிடுவேன். அது உங்கள் மூச்சாக இருக்கட்டும் என்றுதான் தினமும் ஜெபிக்கிறேன்.

இப்படிக்கு,
எவாஞ்சலின்