உயிரோடு முடியும் வேடம்

மிச்சம், லண்டன்
15 பெப்ரவரி 2025, சனிக்கிழமை

அன்பு மகன் சஞ்சயனுக்கு அப்பா எழுதுவது.

போன ஞாயிறு தொலைபேசியில் நீ ஒரு கேள்வி கேட்டாய். "அப்பா, உங்களுக்குத் தனிய இருக்க ஏலுமோ?" நீ கேட்டு முடிக்குமுன் "ஓம், ஓம்" என்றேன். முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்தவன் நான். கேள்வி முடியுமுன் கையை உயர்த்தும் பிள்ளையின் விடையை ஒருநாளும் நம்பியதில்லை. அன்றைக்கு அந்தப் பிள்ளை நான்தான். ஆகவே இப்போது ஆறுதலாக யோசித்து, எப்படி வந்தது என்பதையும் காட்டி, விடை எழுதுகிறேன். தொலைபேசி என்றால் மறுபடியும் பொய் சொல்லிவிடுவேன். நீ தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பவன் என்பதால் வாக்கியங்களைச் சிறிதாக வைத்திருக்கிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. கவுன்சில் ஆட்கள் வந்து குளியலறைச் சுவரில் கைபிடி பூட்டிவிட்டுப் போனார்கள். முழங்கால் பரவாயில்லை. புதன்கிழமை சவிரிமுத்துவின் கடைக்குப் போனேன். அவர் வழக்கம்போல, "மாஸ்டர், பெடியன் இந்த முறையும் செத்துப்போனானோ, இல்லாட்டித் தப்பிட்டானோ?" என்று கேட்டார். "கதை எழுதுறவங்களைத்தான் கேக்க வேணும்" என்றேன். கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அன்று முழுவதும் நான் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான்.

அவருக்கு அது பகிடி. அம்மாவுக்கு அப்படி இருக்கவில்லை. நீ முதன்முதலாகத் தொலைக்காட்சியில் வந்தது அந்தப் பொலிஸ் தொடரில். பதினொரு நிமிடத்தில் சுட்டுவிட்டார்கள். அம்மா எழுந்துபோய்த் தலை முழுகிவிட்டு ஈரக் கூந்தலோடு வந்து இருந்தார். செத்தவீட்டுக்குப் போய் வந்தவர் போல. "நடிப்புக்கும் ஆராவது முழுகுவினமோ?" என்று நான் ஏசினேன். "நடிப்பெண்டாலும் என்ர கண் கண்டது கண்டதுதானே" என்றார். அதற்குப் பிறகுதான் அந்த ஏற்பாடு வந்தது. நீ திரையில் சாகும் நாளில், அந்தக் காட்சி முடிந்த கையோடு அம்மாவுக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும். எடுத்தாய். அபர்டீனில் மேடைக்குப் பின்னால் நின்று எடுத்தாய். ஒருமுறை பல்கேரியாவில் படப்பிடிப்பு நடக்கும்போதும் எடுத்தாய். அம்மா உன் குரலைக் கேட்டபின்தான் சாப்பிடுவார்.

நேற்று முன்தினம் மதியம் அந்த மருத்துவமனைத் தொடரை மறுபடியும் போட்டார்கள். நீ டாக்டராக வந்து தீயில் மாட்டிக்கொள்வாயே, அது. நீ கண்ணை மூடியதும் நான் தொலைபேசியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அடுத்த நிகழ்ச்சி முடியும்வரை வைத்திருந்தேன். ஒன்பது வருடத்துக்கு முன் எடுத்த காட்சிக்கு நீ ஏன் இன்று அழைக்கப்போகிறாய் என்பது பிறகுதான் உறைத்தது. அந்த அழைப்பு இப்போது இல்லாத அம்மாவுக்கு வருவது என்பதும்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். தனியே இருக்க ஏலும். சுகமாக இருக்க ஏலாது. ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒற்றைக் காலிலும் ஒருவரால் நிற்க முடியும். ஆனால் அவரைப் பார்த்து, "வசதியாக நிற்கிறார்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவ்வளவுதான் என் நிலைமை. அதற்காக நீ உன் காலை வெட்டித் தர வேண்டாம்.

உனக்கு வந்திருக்கும் புது நாடகத்தை வேண்டாம் என்று எழுதிவிட்டு, தேவராசா மாமாவின் ஸ்ட்ரெதம் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, இங்கே சின்ன அறைக்கு வந்துவிடுகிறேன் என்றாய். அதை நானும் மனதுக்குள் நடத்திப் பார்த்தேன். காலையில் போவாய். ஆறு மணிக்குக் கதவு திறக்கும். இரண்டு கோப்பை கழுவ இருக்கும். உண்மையைச் சொன்னால், நாலு நாள் அந்த நினைப்பிலேயே சந்தோஷமாக இருந்தேன். கடையில் இறால்கூட வாங்கினேன், நான் சாப்பிடக் கூடாது என்று தெரிந்தும்.

பிறகு நீ அனுப்பிய நாடகப் பிரதியை எடுத்துக்கொண்டு ட்ராமில் ஏறினேன். விம்பிள்டன் வரை போய், இறங்காமல், அதே ட்ராமில் திரும்பி வந்தேன். இப்படி அடிக்கடி செய்கிறேன். பக்கத்து இருக்கையில் யாராவது வந்து இருப்பார்கள். இந்த முறை உன்னை யார் கொல்கிறார்கள் என்றுதான் முதலில் தேடினேன். ஒருவரும் கொல்லவில்லை. உன் வேடமான, தீவில் இருக்கும் அந்தக் கலங்கரை விளக்கக் காவலர் கடைசிக் காட்சியில் விளக்கை ஏற்றிவிட்டு, கதிரையில் அமர்ந்து தேநீர் குடிக்கிறார். திரை விழுகிறது. நான் அந்தப் பக்கத்தை மூன்று தரம் வாசித்தேன். பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாகக் கடைசிவரை உயிரோடு இருக்கிறாய். அதுவும் நீ வளர்ந்த கிளாஸ்கோவின் பேச்சில். லண்டனில் ஒரு நடிகர் தெரிவில் "வீட்டில் பேசுவதுபோலப் பேசு" என்றார்கள், நீ வீட்டில் பேசுவதுபோலவே கிளாஸ்கோப் பேச்சில் பேச, "இது இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள் என்றாயே. அம்மா அன்று சிரித்துச் சிரித்து இருமினார்.

உனக்குப் பதினெட்டு வயதில், மருந்தாளர் படிப்பை விட்டுவிட்டு நாடகக் கல்லூரிக்குப் போகிறேன் என்றபோது நான் ஆறு மாதம் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்போது நான் தடுத்தேன், நீ நிற்கவில்லை. இப்போது நான் தடுக்காமலே நீ நிற்கப் பார்க்கிறாய். காரணம் நானாக இருந்தால், என்னால் இந்த வீட்டில் உன் முகத்தைப் பார்த்து இருக்க முடியாது. அது தனிமையைவிடக் கஷ்டம்.

ஒத்திகை மார்ச் நடுவில்தான் என்றாய். அதற்கு முன் மூன்று நாள் வந்து நின்றுவிட்டுப் போ. இன்வர்னஸில் முதல் நாளுக்கு எனக்கும் ஓர் இருக்கை எடு. நடைபாதை ஓரமாக இருக்கட்டும், முழங்காலை நீட்ட வேண்டும். திரை விழுந்த பிறகு என்னிடம் ஓடிவர அவசரப்படாதே. ஆட்களுக்குக் கும்பிட்டு முடித்துவிட்டு ஆறுதலாக வா. நான் இருக்கையிலேயே இருப்பேன்.

நாடகக் குழுவுக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும் அல்லவா? முதல் வகுப்பு முத்திரை ஒட்டியிருக்கிறேன், செவ்வாய் இது உன் கையில் இருக்கும். நல்லாய் இரு மகனே. நீ எந்த ஊர் மேடையில் நின்றாலும் அம்மாவின் கண் உன்மேல் இருக்கட்டும்.

புதன்கிழமை காலை, வேறு எதுவும் செய்யுமுன், அறையின் நடுவில் நின்று அந்தக் காவலரின் முதல் வசனத்தைக் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி ஒருமுறை சொல்லிப் பார். அதன் பிறகு அவர்களுக்கு எழுது.

உன் அப்பா
அம்பலவாணன்