டிலக்ஷிக்குப் பூசிய கிறீம்

குருநகர்,
வெள்ளிக்கிழமை

அன்புத் தங்கச்சி றொசாந்திக்கு,

அந்தோனியார் துணையால் நீயும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். நீ அனுப்பிய வெள்ளையாக்கும் கிறீமால்தான் எல்லாம் என்று நான் கத்திவிட்டுப் போனை வைத்த நாளிலிருந்து, எத்தனை தரம் அடித்தாலும் நீ எடுப்பதில்லை. அதனால் பாரிசுக்குத் திரும்பும் அடைக்கலநாதன் அண்ணையிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். அவர் வாசலில் வந்து நின்றால் உன்னால் கதவைச் சாத்த முடியாது.

டிலக்ஷியை நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விட்டார்கள். கை கால் உளைவு குறைந்திருக்கிறது, பிரஷரும் இறங்கிவிட்டது. ஆனால் எட்டு வயதுப் பிள்ளை தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறாள். யார் கதைத்தாலும் எரிந்து விழுகிறாள்.

அன்று கோபத்தில் உனக்கு ஒன்றும் ஒழுங்காகச் சொல்லவில்லை. முதலில் டெங்கு என்றார்கள், பிறகு வாதம் என்றார்கள். பெரிய டொக்டர் ஏதோ நஞ்சாக இருக்குமென்று மீனைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார். தெரு முழுக்க அந்த மீனைத்தானே தின்னுது, என்ரை பிள்ளைக்கு மட்டும் ஏன் என்று கேட்டேன். அப்ப உடம்பிலை பூசிறதெல்லாம் கொண்டு வாங்கோ என்றார். சோதித்துப் பார்த்தால் கிறீமிலும் பாதரசம், பிள்ளையின் சிறுநீரிலும் பாதரசம்.

கோயிலில் முதல் நன்மை வாங்க வெள்ளைச் சட்டை போடும்போது பிள்ளை கறுப்பாகத் தெரியக் கூடாதென்று ஐந்து மாதம் காலையும் மாலையும் தேய்த்தவள் நான். எரியுது அம்மா என்றவளை அதட்டித் தேய்த்தேன். அன்று எடுத்த படத்தில் வடிவாகத்தான் இருக்கிறாள். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மருந்தால் நஞ்சு இறங்கும், கை நடுக்கமும் மெல்ல மெல்லக் குறையும் என்கிறார் டொக்டர். முழுசா மாறுமோ என்று உன் அத்தான் கேட்டார். கனபேர் தேறுவினம், ஆனா மூளையிலை பட்டதைப் பிள்ளையின்ரை படிப்பிலையும் குணத்திலையும் வருசக்கணக்காப் பாத்துத்தான் சொல்லலாம் என்றாராம். அத்தான் அன்றிலிருந்து கடலுக்குப் போகவில்லை.

உன்னில் எனக்குக் கோபமே இல்லை என்று எழுதினால் பொய். இரண்டு நாள் இருந்தது. பிறகுதான், அனுப்பு அனுப்பு என்று உனக்கு ஆய்க்கினை கொடுத்ததே நான் என்பது உறைத்தது.

அதே கிறீமை நீயும் பூசுகிறாய். இதற்குள் நிறுத்தியிருப்பாய். அது மட்டும் போதாது. நாலு மாதப் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாய், ஜெரோசன் உன் கன்னத்தில் முகம் வைத்துத்தான் தூங்குகிறான். டப்பாவைப் பையில் கட்டிக்கொண்டு டொக்டரிடம் போ, இருவருக்கும் சோதிக்கச் சொல்லு. என்னைப் போலப் பிந்திவிடாதே. வெட்கத்தில் ஒன்றையும் மறைக்காதே.

மாதா உன் பிள்ளையைக் காக்கட்டும். போனை எடு, தங்கச்சி. நான் ஏச மாட்டேன். அவனுக்கு ஒன்றுமில்லை என்று மட்டும் சொல்லு.

உன் அக்கா
மக்டலீன்