எல்லா வீடியோவுக்கும் ஒரு டிஸ்லைக்

மார்ச் 4

வாஷிங் மெஷின் ஏன் குதிக்கிறது என்று விளக்கிப் போட்ட வீடியோவுக்கு லைக் குவிகிறது. கூடவே ஒரு டிஸ்லைக். போன வாரம் போட்டதற்கும் ஒன்று. அதற்கு முந்தையதற்கும். எப்போதும் ஒன்றே ஒன்று! யார் அந்தப் புண்ணியவான்? ஆள் யாரென்று காட்டாதாம். பிறகு எண்ணிக்கையை மட்டும் எதற்குக் காட்டுகிறது, வயிற்றெரிச்சலுக்கா?

மார்ச் 9

வேலை நாளில் போட்டேன், விடுமுறையில் போட்டேன். முகத்தைக் காட்டாமல் கையை மட்டும் காட்டினேன். எப்படியும் வந்துவிடுகிறது. ரிப்பேர் கடையில் என் கூட்டாளி சிட்டுதான் எனக்குக் கேமரா பிடிப்பவள். "பழுது பாக்குறவளே பழுதாயிடாதடி" என்று சிரிக்கிறாள்.

மார்ச் 12

கோளாறு எதில் என்று தெரியாவிட்டால் ஒவ்வொரு வயராகக் கழற்றித்தானே பார்ப்போம்? இன்று ஒரு வீடியோவை வெளியே காட்டாமல், சிட்டுவுக்கும் வீட்டுக் குரூப்புக்கும் மட்டும் அனுப்பினேன். மதியத்துக்குள் டிஸ்லைக். வீட்டில் இருப்பது என் வீட்டுக்காரரும் அத்தையும்தான். அப்போ மிச்சம்—

ஐயோ. ஒரே தட்டுல சாப்பிட்டவளாச்சே!

மார்ச் 13

கேட்டேவிட்டேன். அவள் இல்லை என்றுகூடச் சொல்லவில்லை. "என்னை இவ்வளவுதான் நினைச்சியா?" பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 16

கடை இருக்கிறது. பேச ஆளில்லை.

மார்ச் 18

அத்தை, அதாவது என் மாமியார், சோபாவில் என் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் பூரிப்பு. முடிந்ததும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கீழே பார்க்கும் கட்டைவிரலை நிதானமாக அழுத்தினார்.

"அத்தை! என்ன பண்றீங்க?"

"எல்லாரும் நல்லாருக்கு நல்லாருக்குன்னா கண்ணு பட்டுடும்மா. ஒருத்தராவது நல்லால்லன்னு சொல்ல வேணாமா? அதை வெளியாளுக்கா விடுறது? நானே சொல்லிடுறேன்."

சிரிப்பதா அழுவதா? எல்லா வயரையும் சந்தேகப்பட்டேன், வீட்டை மட்டும் சோதிக்கவே இல்லை. திரையில் தெரிந்த ஒரு எண்ணுக்காகக் கூடவே இருந்தவளைப் பேசிவிட்டேன். என் புத்தி எங்க மேயப் போச்சு?

மார்ச் 19

சிட்டு கதவைப் பாதிதான் திறந்தாள். எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"உண்மையச் சொல்லட்டா? உன் வீடியோ ஒண்ணுகூட நான் பாத்ததில்ல. நாள் முழுக்க உன் மூஞ்சியத்தானே பாக்குறேன், அது போதாதா? அன்னைக்கு நீ அனுப்புனதையும் நான் தொறக்கவே இல்ல."

கதவு மூடிக்கொண்டது. பார்க்காதவள் மேல்தான் அத்தனை கோபத்தையும் கொட்டியிருக்கிறேன்.

மார்ச் 25

பெல்ட் மாற்றுவதைத் தனியாகவே படமெடுத்துப் போட்டேன். கோணல்மாணல். பாதி நேரம் என் தலையே இல்லை.

சாயங்காலம் பார்த்தால் டிஸ்லைக் இரண்டு! ஒன்று அத்தை. இன்னொன்று யார்? யோசிப்பதற்குள் போன் அடித்தது.

"முழுசாப் பாத்தேன்டி" என்றாள் சிட்டு. "அத்தையோட ஒண்ணு பத்தாது. இவ்வளவு கேவலமா எடுத்தா ஊரே அழுத்தும். நாளைக்கு நான் வரேன், நீ கேமராவத் தொடாத."

வா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.