பெட்டிக்குள் பூட்டிய அட்டை

என் அன்பு மனைவிக்கு,

நான் சௌக்கியம். உன் முட்டிவலி தேவலையா? நான் சொல்லச் சொல்ல, அறையில் உடனிருக்கும் டிரைவர் தம்பி இதை எழுதுகிறார்.

பயப்படாமல் கேள். வெள்ளிக்கிழமை சோப்பு வாங்கப் போனபோது போலீஸ் நிறுத்தி இந்த நாட்டு அடையாள அட்டை கேட்டது. கண்ணைப் போலப் பார்த்துக்கொள்ளச் சொன்னாயே என்று அதைப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தேன். அட்டை இல்லாதவர்களை ஏற்றும் வண்டி பக்கத்திலேயே நின்றது.

நம் பாஷை பேசும் துணிக்கடைக்காரர் ஓடி வந்தார்.

"பெரியவரே, நம்பராவது தெரியுமா?"

"எழுதத்தான் தெரியாது, சொல்லுவேன்" என்று பன்னிரண்டு எண்ணையும் மூச்சுவிடாமல் சொன்னேன். போலீஸ்காரர் மிஷினில் தட்டினார். நான் இங்கே வந்த புதிதில் எடுத்த படம் வந்தது. முடியெல்லாம் கருகருவென்று இருந்தது.

"இது உங்க மகனான்னு கேக்குறாரு" என்றார் கடைக்காரர்.

புருவத்துத் தழும்பைத் தொட்டுக் காட்டினேன். படத்திலும் அது இருந்தது.

"எப்படி வந்துச்சாம்?"

"பொண்டாட்டி வீசுன கரண்டிங்க."

கடைக்காரர் அதை அவர் பாஷையில் சொன்னதும் போலீஸ்காரர் குலுங்கிச் சிரித்து, போகச் சொல்லிவிட்டார்.

சின்னவனுக்குப் பல் முளைத்த மாதம், ஒரு திங்கட்கிழமை நீ வீசினாய். மூன்று நாள் அழுதாய். இனி அதற்காக வருத்தப்படாதே.

அட்டையைக் கழுத்தில் மாட்ட ஒரு துணிப்பை தைத்து அனுப்பு. இங்கேயும் விற்கிறார்கள், ஆனாலும் நீயே தை. அதற்குள் உன் இப்போதைய படம் ஒன்றை வை. என்னிடம் இருக்கும் படத்தில் உனக்கும் முடி கருப்பாகத்தான் இருக்கிறது.

தம்பிக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது, பேனாவை மூடுகிறார்.

உன் தழும்புக்காரன்