கண்ணை மறைத்த கம்பளி

அன்புள்ள ஜாஸ்பின் அக்காவுக்கு,

ஜெபிஷா எழுதுகிறேன். உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. பெரியப்பாவிடமும் வேண்டாம், விடுதியில் உன் தோழிகளிடமும் வேண்டாம். படித்ததும் கிழித்துவிடு. நான் உனக்கு அனுப்பிய முழு வீடியோவையும் அழித்துவிடு. என்னிடம் இருந்ததை அழித்துவிட்டேன். அம்மாவின் போனை அப்பா இப்போது தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறார். அதனால்தான் கடிதம். காலையில் என் தோழி தீபலட்சுமி இதைத் தபால்பெட்டியில் போட்டுவிடுவாள்.

கோவையில் நல்ல மழை என்று பெரியம்மா சொன்னார்கள். இங்கே ஆடிக் காற்று மட்டும்தான். கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது.

பள்ளிக் குறும்படப் போட்டிக்கு நான் சூப்பர் ஹீரோ படம் எடுத்தது உனக்குத் தெரியும். மே விடுமுறையில் உன் மடிக்கணினியில் அந்த மாதிரிப் படங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோமே. ஹீரோவையும் கீழேயிருந்துதான் காட்டுகிறார்கள், வில்லனையும் கீழேயிருந்துதான் காட்டுகிறார்கள், பிறகு எப்படி ஒருவனைப் பார்த்தால் தைரியமும் இன்னொருவனைப் பார்த்தால் பயமும் வருகிறது என்று கேட்டேன். வெளிச்சத்தையும் கண்ணையும் பார் என்று நீ சொன்னாய். அது மனதில் ஒட்டிக்கொண்டது.

நம் புஞ்சையில் எருவுக்காக வருஷா வருஷம் ஆட்டுக் கிடை போடுவாரே, வெயிலுமுத்து மாமா, அவரைத்தான் வில்லனாக நிறுத்தினேன். தரை வெடிப்புக்குள் போனைச் சாய்த்து வைத்து எடுத்தேன். பனை உயரத்துக்குத் தெரிந்தார். டார்ச்சில் சிவப்புத் தாளைச் சுற்றி முகவாய்க்குக் கீழே பிடித்தேன். தலையில் போட்டிருந்த கம்பளியைப் புருவத்துக்குக் கீழே இழுத்து விடச் சொன்னேன், கண் இருட்டுக்குள் போக வேண்டும் என்று. “கண்ணு தெரியாம எப்படி பாப்பா நடக்க? வெடிப்புல கால விட்டு விழுந்தா வில்லன் செத்துருவாம்லா” என்று சிரித்தார். “என்னய வில்லன்னு எம் பொண்டாட்டிகிட்ட சொல்லாத, நம்பமாட்டா. அவளுக்குப் பயந்துதான் நான் கிடையிலயே படுக்குதேன்” என்றார். ஹீரோவாக நடித்த தீபாவையும் அதே வெடிப்பிலிருந்துதான் எடுத்தேன். ஆனால் அவளுக்குப் பின்னால் சாயங்கால வெயில், தோளில் மஞ்சள் துப்பட்டா, முகம் முழுக்கத் தெரியும். அவள் சாமி மாதிரி இருந்தாள்.

கம்பளிக்குள் அவர் அன்றைக்குப் பிறந்த ஆட்டுக்குட்டியை வைத்திருந்தார். காற்று படக் கூடாதென்று ஆட்டுக்காரர்கள் அப்படித்தானே தூக்கிக்கொண்டு நடப்பார்கள். அதுதான் என் கதையே. பிள்ளையைத் திருடிப் போகிறான் என்று ஹீரோ வந்து மறிப்பாள், கம்பளியை விலக்கினால் குட்டி தலையை நீட்டும், மாமா சிரிப்பார். அந்தச் சிரிப்பில்தான் முதல்முறையாக அவர் கண் தெரியும்.

ஆனால் முழுப் படத்தை நான் போடவில்லை அக்கா. டிரெய்லர் மட்டும் வெட்டினேன். நடையை மெதுவாக்கினேன், நிறத்தைப் பச்சையாக்கினேன், குட்டி கத்திய சத்தத்தை எடுத்துவிட்டு டமடம என்று இசை போட்டேன். கடைசியில் சிவப்பு எழுத்தில் ‘இவன் வருகிறான். பிள்ளைகள் பத்திரம்’ என்று எழுதி வகுப்புக் குழுவில் போட்டேன். எல்லோரும் பயந்துவிட்டோம் என்று எழுதினார்கள். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. படத்தின் பெயர் இருந்த முதல் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். நிஜப் பிள்ளை பிடிக்கிறவன் என்று அது ஊர் ஊராகப் போனது எனக்குத் தெரியவே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தோம். பக்கத்து ஊர்க்காரர்கள் பைக்குகளில் வந்தார்கள். அப்பாவிடம் போனைக் காட்டி, “அண்ணாச்சி, இவன உங்களுக்குத் தெரியுமா?” என்றார்கள். அப்பா திரும்பத் திரும்பப் பார்த்தார். காலையில்தான் மாமா நம் வீட்டில் காப்பி குடித்துவிட்டுப் போயிருந்தார். அப்படியிருந்தும் அப்பா, “நல்லவம்னுல்லா நெனச்சேன். மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே” என்றார். பிறகு நம் புஞ்சை இருக்கிற பக்கம் கையை நீட்டிக் காட்டினார்.

நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். அது என் படம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

புஞ்சையில் அவர்கள் வளைத்துப் பிடித்ததும், நான் படத்துக்கு நடிச்சேன்யா என்று மாமா கத்தினாராம். “ஏலே, இவரு சினிமா ஸ்டாராம்லே” என்று சொல்லிச் சொல்லி அடித்தார்களாம். கம்பளியை உதறியபோது வேறொரு குட்டி கீழே விழுந்ததாம். அதைப் பார்த்த பிறகும், பிள்ளையை எங்கன ஒளிச்சு வச்சிருக்க என்று கேட்டு அடித்திருக்கிறார்கள். இப்போது கோவில்பட்டியில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். கை முறிந்துவிட்டது. ஒரு கண் திறக்கவில்லை. எந்தப் பிள்ளையைத் தூக்கினான் என்று போலீஸ் இன்னும் அவரைத்தான் விசாரிக்கிறது. இதை எடுத்தவன் எவனோ புண்ணியவான் என்று அப்பா சொல்கிறார். ஆனால் சாப்பிடுவதில்லை. உண்மை தெரிந்தால் இடத்தைக் கை காட்டிய அப்பாவையும் கூட்டிப் போவார்களோ என்று பயமாக இருக்கிறது.

இன்று மாமாவின் மனைவி பெருமாயி அத்தை ஆடுகளுக்குத் தண்ணீர் கேட்டு வந்தார்கள். தனியாளாகக் கிடையைக் காக்கிறார்கள். அம்மாவிடம், “படம் புடிச்சது யாருன்னு போலீசு கேக்குது. அவுக தெரியாதுன்னே சொல்லுதாவ. எங்கிட்டயும் சொல்லமாட்டுக்காவ. பொம்பளப் பிள்ள பேரு டேசனுக்குப் போவக்கூடாதுன்னு மட்டும் மொனங்குதாவ” என்றார்கள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் குடத்தைத் தூக்கிக் கொடுத்தேன். தண்ணீர் தளும்பி அவர்கள் காலில் கொட்டியது. இருக்கட்டும் தாயி என்றார்கள்.

அக்கா, அவர் கண்ணை நான்தான் மறைத்தேன். அவர் முகம் முழுசாகத் தெரிகிற படம் இனி உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. முதலில் எழுதியதை அடிக்க நேரமில்லை. அதை எல்லாம் விட்டுவிடு. வீடியோவை அழிக்காதே. குட்டி தலையை நீட்டும் இடம், அவர் சிரிக்கும் இடம், எதையும் வெட்டாதே. கோவில்பட்டி போலீசுக்கு அனுப்பு. எடுத்தது தேவஆசீர்வாதம் மகள் ஜெபிஷா என்று என் பேரைப் போட்டே அனுப்பு. இந்தக் கடிதத்தையும் காட்டு. அப்பாவுக்காக ஜெபம் பண்ணு. மாமாவின் கண்

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். ஏட்டி, இன்னும் வெளக்கு எரியுது, என்ன எழுதுத என்று கேட்கிறார். அப்பாதான். குரல் அழுத மாதிரி இருக்கிறது. அக்கா, அழித்துவிடாதே