எதிரணித் தலைவர் என் மாமனார்

2024 நவம்பர் 4, திங்கள்

வட்டக்கானலில் இன்று மூன்று கீசர் ரிப்பேர். மூன்றாவதைப் பிரித்துப் போட்டிருக்கும்போது என் மனைவி சுதாவின் சபைப் பாஸ்டர் என்னைத் தேடி வந்தார். இருபத்து நாலாம் தேதி அறுப்பின் பண்டிகையாம். கேரட்டும் பூசணியும் ஏலம் விட்டு முடித்ததும் பட்டிமன்றம். வன்முறை முதலான விஷயங்களில் வேதாகமம் தனக்குத்தானே முரண்படுகிறதா, இல்லையா என்று தலைப்பு. இல்லை என்று பேசப் பதினான்கு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். ஆம் என்று பேச ஆளே இல்லை. கேட்ட நாலு பேருக்கும் திடீரென்று தொண்டை கட்டிக்கொண்டதாம்.

"நீங்க பழனிக்காரரு. நீங்க மைக் பிடிச்சுப் பேசுனா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க," என்றார். மைக் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. சரி என்றேன். அவர் பைக்கில் ஏறிய பிறகுதான் எதிரணித் தலைவர் பெயரைச் சொன்னார். மகேந்திரன். என் மாமனார்.

கேட்டுவிட்டுத் தலையாட்டக் கூடாதா, ஜெயமுருகா?

நவம்பர் 5

மாமா என்னோடு பேசுவதில்லை. பதினோரு வருடம். பேத்துப்பாறையில் இரண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடு, வாரம் மூன்று நாள் இங்கே வருகிறார். நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். "மழ வரும்போல கெடக்கு, குடை எடுத்துட்டுப் போகச் சொல்லு" என்பார் சுதாவிடம். நானும் அவளிடம்தான் "எடுத்துக்கிட்டேன்னு சொல்லு" என்பேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தால் சம்பளமாவது கிடைக்கும் என்று சுதா சலித்துக்கொள்வாள்.

நாங்கள் பதிவுத் திருமணம் முடித்து வந்த அன்று வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து ஓர் அறை விட்டார். அதை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தேனா? மறு கன்னத்தையும் நீட்டி, "ஒங்க வேதத்துல இப்படித்தான் போட்டிருக்காமே, இதையும் அடிங்க" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் பஸ் ஏறிப் போனார். அன்றோடு சரி.

இந்த வாய் இருக்கிறதே! அவர் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேசினால் போதும். திட்டினால்கூடப் பரவாயில்லை. பட்டிமன்றத்தில் எதிரணித் தலைவரை அழைக்காமல் யாரும் பேச முடியாது. அங்கே சுதாவை நடுவில் நிறுத்த முடியுமா? அதற்காகவே போகிறேன்.

நவம்பர் 8

சுதாவின் பைபிளைப் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். கொலை செய்யாதே என்று கட்டளை. கொஞ்சம் பக்கம் தள்ளினால் ஊர் ஊராக ஒருவரையும் விடாமல் வெட்டுகிறார்கள், அதுவும் சாமி சொல்லித்தான். காப்பி குடித்துக்கொண்டிருந்த சுதாவிடம் வெற்றிக் களிப்போடு காட்டினேன்.

"நேத்துத்தான சூரசம்ஹாரத்துக்கு விரதம் இருந்தீங்க. அங்க சூரனுக்கு என்ன கேக்கா வெட்டுனாங்க?" என்று கேட்டுவிட்டு டம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.

இவளிடம் இனி எதையும் காட்டப் போவதில்லை. அப்பாவுக்குத் துப்பு வேறு கொடுப்பாள்.

நவம்பர் 12

மழை, கரண்ட் இல்லை. லேவியராகமத்தின் பலிச் சட்டங்களில் மாட்டிக்கொண்டேன்.

நவம்பர் 16

மாட்டியது! பேச்சுக்கு உதவும் என்று பாஸ்டர் கொடுத்த வசனச் சீட்டில் இரண்டைப் புரட்டிப் பார்த்தேன். இயேசு ஓரிடத்தில், தான் சமாதானத்தை அல்ல, பட்டயத்தையே அனுப்ப வந்ததாகச் சொல்கிறார். இன்னோரிடத்தில் துணியை விற்றாவது ஒரு பட்டயத்தை வாங்கச் சொல்கிறார்.

பட்டயம்! நான் வாங்கியதும் மின்னியல் பட்டயம்தானே, பாலிடெக்னிக்கில். டிப்ளமோ படித்தவனுக்குச் சமாதானம் கிடையாது என்பதற்கு நானே சாட்சி. பழைய பாகத்தில் வெட்டு குத்து, புதிய பாகத்தில் தொழிற்கல்வி. இதைவிடப் பெரிய முரண்பாடு வேண்டுமா? எழுதி எழுதி மூன்று பக்கம் வந்திருக்கிறது. யாரிடமும் மூச்சு விடக் கூடாது.

நவம்பர் 20

மாமா வந்தார். "யூதாஸ் செத்த கதைய மட்டும் கிளற வேணாம்னு சொல்லு" என்றார் சுதாவிடம். "சரின்னு சொல்லு" என்றேன். அப்படி ஒரு கதை இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. அவர் போனதும் தேடினேன். ஓரிடத்தில் நான்றுகொண்டு, அதாவது தூக்கு மாட்டிக்கொண்டு செத்தான், மற்றோரிடத்தில் விழுந்து வயிறு வெடித்துச் செத்தான். நன்றி மாமா. ஆனால் கிளற மாட்டேன். சொன்னால் சொன்னதுதான்.

நவம்பர் 24, ஞாயிறு

வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் நான். "எதிரணித் தலைவர், என் மாமனார் அவர்களே" என்று குரலை உயர்த்தித்தான் ஆரம்பித்தேன். அவர் கூரையைப் பார்த்தார். யுத்தங்களை எல்லாம் அடுக்கினேன், கூட்டம் அமைதியாகக் கேட்டது. அப்புறம் என் பட்டயத்தை எடுத்தேன். துணியை விற்றாவது டிப்ளமோ படிக்கச் சொன்னவர் ஊரை வெட்டச் சொல்வாரா என்று கேட்டேன். முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். நடுவராக இருந்த பாஸ்டர் கைக்குட்டைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். சுதா தலையில் அடித்துக்கொண்டாள். என்ன தப்பு என்று எனக்குப் புரியவே இல்லை. அப்படியே இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது.

மாமா எழுந்தார். "நடுவர் அவர்களே" என்றார். அடுத்தது என்னை அழைக்க வேண்டும். மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாப்பிள்ள," என்றார். "பட்டயம்னா வாளு."

எனக்கு நேராக.

"அந்தப் பட்டயத்தாலதான் பேதுரு ஒருத்தன் காத அறுத்தாரு. சர்ட்டிபிகேட்ட வச்சுக் காத அறுக்க முடியுமா, மாப்பிள்ள?"

கோயில் கூரை பறக்கிற மாதிரி சிரிப்பு. நானும் சிரித்தேன், கண்ணீர் வரச் சிரித்தேன். அவமானமாவது ஒன்றாவது, இரண்டு தடவை மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டாரே!

அதோடு உட்கார்ந்திருந்தால் அவர் அணிதான் ஜெயித்திருக்கும். உட்காரவில்லை. பஸ் ஸ்டாண்ட் கதையை அவரே சொன்னார், சபை முழுக்கக் கேட்க.

"அடிக்கச் சொன்ன எடமும் அதுல இருக்கு, கன்னத்தக் காட்டச் சொன்ன எடமும் இருக்கு. நாப்பது வருசமா படிக்கிறவன் நான். அன்னிக்கு எனக்குத் தோதானத எடுத்துக்கிட்டேன். படிக்காத இவரு மத்தத எடுத்துக்கிட்டாரு. அதுக்கப்புறம் இவரு மொகத்த எப்படிப் பாத்துப் பேசுறதுன்னு எனக்குத் தெரியல."

வெட்கமா? கோபம் என்றல்லவா இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்! நான் காட்டியது கேலிக்கு, மாமா. நல்ல மனதோடு காட்டவில்லை. அதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆம் என்று பேச மறுத்த நாலு பேருக்கு வந்த தொண்டைக்கட்டு கடைசியில் எனக்கும் வந்துவிட்டது.

இரண்டு விதமாகவும் இருக்கிறது என்று எதிரணித் தலைவரே ஒப்புக்கொண்டதால் ஒற்றை ஆளான என் அணிக்கே வெற்றி என்றார் பாஸ்டர். மாமாவின் பதின்மூன்று பேரும் அவரை முறைத்தார்கள். எனக்குப் பரிசு ஒரு பைபிள். வேறென்ன தருவார்கள்?

நவம்பர் 25

வட்டக்கானல் வரை செய்தி போய்விட்டது. கீசர் பார்க்கப் போன இடத்தில் "பட்டயத்தக் கொண்டாந்திருக்கீங்களா?" என்று கேட்கிறார்கள்.

டிசம்பர் 9, திங்கள்

சுதா அங்கன்வாடி வேலைக்குப் போனபின் மாமா வந்தார். அவள் இல்லை என்று தெரிந்தால் வாசலோடு திரும்பிவிடுகிற மனுஷன். இன்று உள்ளே வந்து உட்கார்ந்து, "தேத்தண்ணி போடத் தெரியுமா மாப்பிள்ள?" என்றார். போட்டேன். சீனி தூக்கல் என்றார், குடித்தார். நான் காட்டியது கேலிக்குத்தான் என்று அப்போது சொன்னேன். தெரியும் என்றார். கேலிக்குக் காட்டினாலும் கன்னம் கன்னம்தானே என்றார்.

பிறகு யூதாஸ். அவரே எடுத்தார். நான்றபோது கயிறு அறுந்து விழுந்திருப்பான் என்கிறார். கயிறு எங்கே எழுதியிருக்கிறது, காட்டுங்கள் என்றேன். அவருக்கும் குரல் ஏறியது, எனக்கும் ஏறியது. பக்கத்து வீட்டு வேலுத்தாய் அக்கா என்னமோ ஏதோ என்று எட்டிப் பார்த்தது. இவ்வளவு வம்பு பிடித்த ஆளா இவர்? மத்தியானம்தான் எழுந்து போனார்.

சாயங்காலம் சுதா வந்து மேசையில் இரண்டு டம்ளரைப் பார்த்தாள். "அப்பா வந்தாரா? என்ன சொல்லச் சொன்னாரு?" என்று கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். "ஒன்னும் சொல்லச் சொல்லல," என்றேன்.